செங்காய்ப் பதத்து அவகாடோவும் பிரெட் தூள் பூச்சும்: வீட்டிலேயே ஒரு மொறுமொறு வறுவல்

பட்டர் ஃப்ரூட் எனப்படும் அவகாடோ என்றால் நம் வீடுகளில் பெரும்பாலும் பாலும் சர்க்கரையும் சேர்த்து மிக்ஸியில் அடித்துக் குடிக்கும் பானம்தான் நினைவுக்கு வரும். அதே பழத்தை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, பிரெட் தூளில் புரட்டி, நன்கு காய்ந்த எண்ணெயில் ஒன்றரை நிமிடம் மட்டும் பொரித்தெடுத்தால், மேலே மொறுமொறுப்பும் உள்ளே வெண்ணெயைப் போன்ற குழைவும் கொண்ட அருமையான மாலைச் சிற்றுண்டி கிடைக்கும். அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு மாற்றாகப் பலர் இதைச் செய்கிறார்கள். அங்கே எழுதப்படும் செய்முறைகளை அப்படியே பின்பற்றி இங்கே செய்யும்போது, பூச்சு கழன்று போவதும், துண்டுகள் எண்ணெய் குடித்துத் துவள்வதும், பழம் கசப்பதும் அடிக்கடி நேர்கின்றன. அதற்குக் காரணம் செய்பவரின் கைப்பக்குவம் அன்று. அந்தச் செய்முறைகள் மனத்தில் வைத்திருக்கும் பழம் வேறு, நம் கையில் இருக்கும் பழம் வேறு.

அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் ஹாஸ் என்னும் ரகம். கலிபோர்னியாவில் தபால்காரராக இருந்த ருடால்ஃப் ஹாஸ் தம் தோட்டத்தில் வளர்த்து, 1935-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மரத்தின் வழிவந்த அந்தப் பழம் சிறியது, கரடுமுரடான தடித்த தோலுடையது, பழுக்கும்போது கறுப்பாக மாறுவது, கொழுப்பு மிகுந்து நீர் குறைந்தது. பழனி மலையின் கீழ்ச்சரிவில் தாண்டிக்குடி, பன்னைக்காடு பகுதிகளிலும், ஏற்காட்டிலும், நீலகிரியிலும், குடகிலும் காப்பித் தோட்டங்களுக்கிடையே வளரும் நம் பழங்களில் பெரும்பாலானவை அளவில் பெரியவை, வழவழப்பான மெல்லிய தோலுடையவை, பழுத்த பின்னும் பச்சையாகவே இருப்பவை. அவற்றில் நீர்ச்சத்து கூடுதல். எண்ணெயில் போடும் பண்டத்துக்கு நீர்தான் முதல் எதிரி என்பதால், நம் பழத்துக்குச் சில கூடுதல் கவனங்கள் தேவைப்படுகின்றன. அவற்றைக் கடைப்பிடித்தால் ஹாஸ் பழத்துக்குச் சற்றும் குறையாத வறுவல் கிடைக்கிறது என்பதைப் பலமுறை செய்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பழத்தின் பதம். மாம்பழத்தில் காய்க்கும் பழத்துக்கும் இடைப்பட்ட நிலையைச் செங்காய் என்று சொல்கிறோம் அல்லவா, அந்தப் பதத்தில்தான் அவகாடோவும் இருக்க வேண்டும். முதன்முறை இதைச் செய்தபோது, நன்றாகப் பழுத்தால்தான் ருசிக்கும் என்று எண்ணி, அழுத்தினால் விரல் பதியும் அளவுக்குக் கனிந்த பழத்தை எடுத்துக்கொண்டேன். நறுக்கும்போதே துண்டுகளின் ஓரங்கள் மசிந்தன. மாவில் புரட்டியபோது விரல்களில் ஒட்டின. எண்ணெயில் போட்ட சில நொடிகளில் பிரெட் தூள் தனி உறையாகக் கழன்று மிதந்தது, பழம் பச்சைக் கூழாகக் கரைந்து அடியில் தங்கியது. அந்த எண்ணெயை அதன் பிறகு வேறு எதற்கும் பயன்படுத்த முடியவில்லை. அடுத்த முறை பதற்றத்தில் மறுகோடிக்குப் போய், கல் போன்ற காயைப் பொரித்தேன். பூச்சு அழகாக நின்றது, ஆனால் உள்ளே சுரைக்காயைக் கடிப்பது போல் சப்பென்றும் லேசான கசப்புடனும் இருந்தது. சரியான பதம் இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் மட்டுமே நிலைக்கிறது.

அந்த நாளைக் கண்டுபிடிக்க, பழத்தை உள்ளங்கையில் வைத்து ஐந்து விரல்களாலும் மெதுவாகப் பொத்திப் பாருங்கள். கட்டைவிரலால் குத்தி அழுத்த வேண்டாம். அழுத்திய இடம் உள்ளே கறுத்துவிடும். ரப்பர் பந்தைப் போலச் சற்றே இளகிக் கொடுத்து உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் அதுவே செங்காய்ப் பதம். இளகவே இல்லையென்றால் இன்னும் காய். அமுங்கிய இடம் குழியாகவே நின்றுவிட்டால் அது பானத்துக்குப் போக வேண்டிய பழம். காம்பு ஒட்டியிருந்த இடத்தையும் பாருங்கள்: அங்கே கறுத்து நீர் கசிந்திருந்தால் வாங்க வேண்டாம். நம் ரகங்கள் பலவற்றில், முதிர்ந்த பழத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் கொட்டை ஆடும் ஓசை கேட்கும். அது முதிர்ச்சிக்கான அடையாளமே தவிர, பழுத்துவிட்டது என்பதற்கான அடையாளம் அன்று.

அவகாடோ மரத்தில் இருக்கும்வரை பழுப்பதில்லை. பறித்த பிறகுதான் பழுக்கத் தொடங்குகிறது. ஆகவே கடையில் கெட்டியான காய்கள் மட்டுமே இருந்தாலும் கவலையின்றி வாங்கி வந்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கலாம், அல்லது ஒரு காகிதப் பையில் பழுத்த வாழைப்பழம் ஒன்றுடன் சேர்த்துக் கட்டி வைக்கலாம். வாழைப்பழம் வெளியிடும் எத்திலீன் வாயு இதையும் விரைவாகப் பழுக்கச் செய்யும். காய் எவ்வளவு முதிர்ந்தது, வெயில் எவ்வளவு என்பதைப் பொறுத்து மூன்று முதல் ஆறு நாள் ஆகலாம். இரண்டாம் நாளிலிருந்து தினமும் ஒருமுறை பொத்திப் பாருங்கள். பதம் வந்தும் அன்றே செய்ய முடியவில்லையென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாள் தாக்காட்டலாம். முதிராமல் பறித்த காய் எத்தனை நாள் வைத்தாலும் பழுக்காது; தோல் சுருங்கி உள்ளே தோல்வார் போல் ஆகிவிடும். அதை மனம் வருந்தாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

நான்கு பேருக்கு ஒருவேளைச் சிற்றுண்டியாகச் செய்ய, சுமார் 400 கிராம் எடையுள்ள பழம் ஒன்று போதும்; சிறிய பழமென்றால் இரண்டு. மைதா கால் கோப்பை, அரிசி மாவு கால் கோப்பை, முட்டை இரண்டு, பிரெட் தூள் ஒன்றரைக் கோப்பை, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, தேவையான உப்பு, அரை எலுமிச்சம்பழம், பொரிக்க அரை லிட்டர் எண்ணெய் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தவிட்டு எண்ணெய் எதுவும் பொருந்தும். செக்கு நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் நல்லவைதாம். ஆனால் அவகாடோவின் மணம் மிக மென்மையானது, அவற்றின் மணத்துக்கு முன் அது நிற்காது.

பிரெட் தூளைக் கடையில் வாங்குவதைவிட வீட்டிலேயே செய்வது நல்லது, காரணம் அதன் பருமன். பொட்டலத்தில் வரும் தூள் பெரும்பாலும் மணலைப் போல நுண்ணியது. அது பழத்தின் மேல் நெருக்கமாகப் படிந்து கட்டியான ஓடாகிவிடும். ஜப்பானியர்கள் பயன்படுத்தும் பான்கோ என்னும் தூள் இதற்கு மிகவும் உகந்தது. மேலோடு இல்லாத ரொட்டியைச் செதிள் செதிளாகத் துருவி உலர்த்தியது அது. செதிள்களுக்கிடையே காற்று இருப்பதால் எண்ணெய் உள்ளே நுழைந்து எளிதில் வடிந்தும்விடுகிறது. அது கிடைக்காவிட்டால், இரண்டு நாள் பழைய பிரெட் துண்டுகள் எட்டின் ஓரங்களை நறுக்கிவிட்டு, கைகளால் பிய்த்து மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டு நான்கைந்து முறை மட்டும் சுற்றுங்கள். உதிரியாக வந்ததும் அகலமான வாணலியில் மிகக் குறைந்த தீயில், நிறம் மாறாமல், ஈரம் மட்டும் போகும்படி கிளறி ஆறவிடுங்கள். உள்ளங்கையில் எடுத்துக் கசக்கினால் ஒட்டாமல் சரசரவென்று உதிர வேண்டும். இலங்கைத் தமிழர் வீடுகளில் கட்லட்டுக்கும் ரோல்ஸுக்கும் காய்ந்த பாணையோ (பிரெட்) ரஸ்க்கையோ பொடித்துத் தூள் செய்து வைத்திருப்பார்கள். அந்த வழக்கமுள்ள வீட்டில் இந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, சற்றுக் கரகரப்பாகப் பொடித்தால் போதும்.

ரவையில் புரட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். மீன் வறுவலுக்கு ரவை மிக நன்றாக அமையும். மீன் வேகும் நேரத்தில் ரவையும் வேகிறது. அவகாடோவில் அந்த நேரம் இல்லை. பஜ்ஜி மாவில் தோய்த்துப் போடுவதற்கும் இதே தடைதான். கடலை மாவின் பச்சை வாடை போக மூன்று நான்கு நிமிடங்கள் எண்ணெயில் கிடக்க வேண்டும். அவ்வளவு நேரம் சூடேறிய அவகாடோ கசக்கத் தொடங்கிவிடும். பிரெட் தூளோ ஏற்கெனவே வெந்தது. அதற்கு நிறம் ஏறினால் போதும், அதற்கு ஒன்றரை நிமிடமே அதிகம். இந்தச் சிற்றுண்டியில் நாம் பழத்தை வேகவைக்கவில்லை, அதன் மேல் ஓடு ஒன்றை மட்டுமே பொரிக்கிறோம். கீழே சொல்லும் ஒவ்வொரு கவனமும் இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பிலிருந்து அடிவரை கொட்டையைத் தொட்டபடி நீளவாக்கில் சுற்றிக் கீறி, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகிப் பிரியுங்கள். கொட்டையைக் கத்தி முனையால் குத்தி எடுக்க முயல வேண்டாம். வழுக்கி உள்ளங்கையில் பாய்ந்த காயங்கள் ஏராளம். ஒரு கரண்டியை அடியில் விட்டு நெம்பினால் கொட்டை தானாக வரும். பிறகு ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக்கி, தோலை ஒரு முனையில் கிள்ளிப் பிடித்து உரித்தால், செங்காய்ப் பதத்தில் அது வாழைப்பழத் தோலைப் போல் நாராக வந்துவிடும். தோலோடு ஒட்டிய கரும்பச்சைச் சதை வீணாகாமல் இருக்க, கரண்டியால் தோண்டுவதைவிட இப்படி உரிப்பதே மேல். உரித்த தோலையும் கொட்டையையும் கழுநீர்த் தொட்டியில் போடாதீர்கள், ஆட்டுக்கோ கிளிக்கோ வைக்காதீர்கள். அவகாடோவின் இலை, தோல், கொட்டை ஆகியவற்றில் உள்ள பெர்சின் என்னும் பொருள் மாடு, ஆடு, குதிரை, பறவைகளுக்கு நஞ்சாகும்.

துண்டுகள் ஒன்றரை சென்டிமீட்டர் பருமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிதாக நறுக்கினால் சூடு நடுவரை பாய்ந்து குழைந்துவிடும். நறுக்கியதும் சதை காற்றுப் பட்டுப் பழுப்பாகத் தொடங்கும் என்பதால் எலுமிச்சைச் சாற்றைத் தடவுவது வழக்கம். பிழிந்து ஊற்றாமல், விரலில் தொட்டுத் தடவுங்கள். பின்னர் உலர்ந்த பருத்தித் துணியின்மேல் துண்டுகளைப் பரப்பி, மேலேயும் துணியால் ஒற்றி எடுங்கள். நம் ஊர்ப் பழத்துக்கு இந்த ஒற்றியெடுத்தல் விடவே கூடாத வேலை. துணி சில இடங்களில் நனைந்திருப்பதைப் பார்த்தாலே எவ்வளவு நீர் எண்ணெய்க்குள் போக இருந்தது என்பது விளங்கும். இதே காரணத்தால் பழத்தின் மேல் நேராக உப்புத் தூவக் கூடாது. உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துப் பூச்சை நனைத்துவிடும். உப்பு மாவிலும் முட்டையிலும் இருக்கட்டும்.

இப்போது மூன்று தட்டுகளை வரிசையாக வையுங்கள். முதல் தட்டில் மைதாவும் அரிசி மாவும் உப்பும் மிளகாய்த்தூளும் மிளகுத்தூளும் கலந்திருக்க வேண்டும். காரம் வெளிப்பூச்சில் இருந்தால் சூட்டில் கருகிக் கமறும். மாவில் இருந்தால் இரண்டு அடுக்குகளுக்குக் கீழே பத்திரமாக இருக்கும். இரண்டாவதில் இரண்டு முட்டைகளை ஒரு தேக்கரண்டித் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, நுரை வராமல் முட்கரண்டியால் அடித்து வையுங்கள். மூன்றாவதில் பிரெட் தூள். மாவு பழத்தின் மேற்பரப்பில் எஞ்சிய ஈரத்தை உறிஞ்சுகிறது, முட்டை அந்த மாவைப் பற்றிக்கொண்டு தூளுக்குப் பசையாகிறது, சூடு பட்டதும் அந்தப் பசை இறுகி மூன்றையும் ஒன்றாக்குகிறது. மாவைத் தவிர்த்து நேராக முட்டையில் தோய்த்தால் வழவழப்பான சதையில் எதுவும் நிற்காது.

முட்டை சேர்க்காதவர்கள் நான்கு மேசைக்கரண்டி மைதாவும் இரண்டு மேசைக்கரண்டி சோள மாவும் (கார்ன்ஃப்ளோர்) சிட்டிகை உப்பும் எடுத்து, சுமார் 100 மில்லிலிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பயன்படுத்தலாம். தோசை மாவைவிடச் சற்று நீர்த்திருக்க வேண்டும். துண்டைத் தூக்கினால் மெல்லிய படலம் மட்டும் நின்று மீதி வடிந்துவிட வேண்டும். முட்டைப் பூச்சு கொஞ்சம் லேசாகவும் இது கொஞ்சம் கடினமாகவும் வரும்; மொறுமொறுப்பு நீடிக்கும் நேரத்தில் இதுவே முந்துகிறது.

ஒரு கையை உலர்ந்த தட்டுகளுக்கும் மறு கையை முட்டைக்கும் என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாவது துண்டுக்குள் விரல்நுனிகளில் பிரெட் தூள் உருண்டை கட்டிவிடும். உலர்ந்த கையால் துண்டை மாவில் புரட்டி, தட்டி உதறி, முட்டைத் தட்டில் விடுங்கள். ஈரக் கையால் திருப்பிப் போட்டு எடுத்து, ஒரு சொட்டு வடியும்வரை பொறுத்து, தூளின் மேல் வையுங்கள். மீண்டும் உலர்ந்த கையால் பக்கத்திலுள்ள தூளை மேலே அள்ளிப் போட்டு, உள்ளங்கையைக் குழித்து, குருவிக்குஞ்சைப் பிடிப்பது போல் மெதுவாக அழுத்துங்கள். பலமாக அழுத்தினால் செதிள்கள் நொறுங்கும். மூலைகளில் பச்சை தெரிகிறதா என்று ஒவ்வொரு துண்டையும் பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் சிறிது முட்டை தொட்டுத் தூள் வையுங்கள். ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் அதன் வழியாக எண்ணெய் உள்ளே போய்விடும். பூசிய துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, மூடாமல் 20 முதல் 30 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இந்த இடைவேளையில் மாவும் முட்டையும் ஒன்றாகி இறுகுகின்றன, பழமும் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த பழம் எண்ணெயில் நடுவரை சூடேற நேரமாகும், அந்த நேரத்துக்குள் மேலோடு சிவந்துவிடும்.

அடி கனமான சிறிய வாணலியில் எண்ணெயை ஊற்றி நடுத்தரத் தீயில் காயவையுங்கள். வெப்பமானி இருந்தால் 180 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சிட்டிகைப் பிரெட் தூளைப் போட்டுப் பாருங்கள்: அடியில் போய்ச் சோம்பலாகக் கிடந்தால் காயவில்லை, போட்டவுடன் சுற்றிலும் நுரைத்து மேலே வந்து, பத்துப் பதினைந்து நொடிகளில் பொன்னிறமானால் சரி, விழுந்த நொடியே கறுத்தால் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். ஒரு முறைக்கு நான்கு அல்லது ஐந்து துண்டுகளுக்கு மேல் போட வேண்டாம். குளிர்ந்த துண்டுகள் கூட்டமாக விழுந்தால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும்; சூடு இறங்கிய எண்ணெயைத்தான் பூச்சு குடிக்கிறது.

துண்டுகளை உயரத்திலிருந்து போடாமல், எண்ணெயைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி வழுக்கி விடுங்கள். முதல் அரை நிமிடம் கரண்டியை உள்ளே விடவே கூடாது. பூச்சு இறுகுவதற்கு முன் சீண்டினால் கழன்றுவிடும். காதைக் கொடுத்துக் கேளுங்கள். போட்டவுடன் சடசடவென்று கேட்கும் ஓசை, பூச்சின் ஈரம் போகப் போகச் சலசலப்பாகத் தணியும். அந்த மாற்றம் கேட்டதும் ஒருமுறை திருப்பிப் போட்டு, மறுபக்கமும் பொன்னிறமானதும் ஜல்லிக்கரண்டியால் எடுத்துவிடுங்கள். மொத்தம் 60 முதல் 90 நொடிகள்தாம் ஆகும். எடுத்த பின்னும் நிறம் ஒரு பங்கு கூடும் என்பதால், இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று தோன்றும் நேரமே எடுக்க வேண்டிய நேரம். ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் எண்ணெயில் உதிர்ந்து கிடக்கும் தூளை வலைக்கரண்டியால் அரித்தெடுங்கள். அது கருகினால் அடுத்த ஈட்டில் கரும்புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும்.

பொரித்ததைக் கம்பித் தட்டின் மேல் வடியவிடுவது மிக நல்லது, அடியிலும் காற்று போவதால் மொறுமொறுப்பு நிற்கும். அது இல்லையென்றால் சமையலறைக் காகிதத்தில் அரை நிமிடம் மட்டும் வைத்து எடுத்துவிடுங்கள். செய்தித்தாளைப் பயன்படுத்த வேண்டாம். அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் உணவில் கலக்கும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே அதைக் கூடாதென்று சொல்லியிருக்கிறது. சூடு இருக்கும்போதே பொடித்த உப்பையும் விருப்பமானால் சாட் மசாலாவையும் தூவுங்கள்.

எண்ணெயைக் குறைக்க விரும்புபவர்கள் ஏர் ஃப்ரையரிலோ அடுமனைப் பெட்டியிலோ (ஓவன்) செய்யலாம், ஒரு மாற்றம் மட்டும் தேவை. பிரெட் தூளை முன்கூட்டியே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயுடன் வாணலியில் பொன்னிறமாக வறுத்துக்கொள்ள வேண்டும். வெளிறிய தூளைப் பூசி உள்ளே வைத்தால், அது சிவப்பதற்குள் பழம் அதிக நேரம் சூட்டில் கிடந்து கசந்துவிடும். வறுத்த தூள் பூசிய துண்டுகள் 200 டிகிரியில் முன்கூட்டிச் சூடாக்கிய ஏர் ஃப்ரையரில் ஆறு ஏழு நிமிடத்திலும், 220 டிகிரியில் அடுமனைப் பெட்டியில் கம்பித் தட்டின்மேல் பத்து நிமிடத்திலும் தயாராகும். பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். பொரித்ததற்கு இது முழுமையாக ஈடாகாது. ஆனாலும் திருப்தியாகவே இருக்கும்.

தொட்டுக்கொள்ளப் புளிப்பும் காரமும் உள்ள ஏதாவது வேண்டும், ஏனெனில் பழம் கொழுப்பு மிகுந்தது. துணியில் கட்டி ஒரு மணி நேரம் நீர் வடித்த தயிரில் புதினா, பச்சைமிளகாய், ஒரு பல் பூண்டு, உப்பு ஆகியவற்றை அரைத்துக் கலந்தால் மிகப் பொருத்தமாக இருக்கும். தக்காளித் தொக்கும் நன்று. தண்ணீராக அரைத்த சட்னி வேண்டாம்; தொட்ட இடம் உடனே நமத்துப்போகும். மயோனைஸ் விரும்புபவர்கள் பச்சை முட்டை சேராததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸை, சால்மொனெல்லா போன்ற கிருமிகளால் உணவு நஞ்சாகும் அபாயத்தைச் சுட்டி, தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது.

பொரித்தவுடன் பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிடுவதே நல்லது. மீந்ததை மைக்ரோவேவில் சூடாக்கினால் துவண்டுவிடும். எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறுதீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் வைத்தால் ஓரளவு மீளும். அதனினும் நல்ல வழி, பூசிய துண்டுகளில் அன்று வேண்டிய அளவை மட்டும் பொரித்து, மீதியைத் தட்டில் பரப்பி உறைபெட்டியில் வைப்பது. கல்லாக இறுகிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கினால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். எடுத்துப் பொரிக்கும்போது உறைநிலை விடும்வரை காத்திருக்கக் கூடாது. வெளியே வைத்தால் பனி உருகிப் பூச்சு நனைந்துவிடும். மேலே படிந்த பனித்துகளை உதறிவிட்டு, ஒரு முறைக்கு மூன்று துண்டுகளாக நேரே எண்ணெயில் போட்டு, வழக்கத்தைவிட அரை நிமிடம் கூடுதலாக விட்டு எடுங்கள்.